குடத்துக்குள் ஒலித்த தொப்பி: ஒரு மூடிய ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்த கதை

என் தங்கை மகள் மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். போன வருஷம் ஒரு போட்டிக்கு அனுப்புவதற்காக அவள் வாசித்த தனி ஆவர்த்தனத்தை வீட்டிலேயே பதிவு செய்தோம். வலந்தலை என்கிற வலது பக்கம் ஒரு மைக், தொப்பி என்கிற கனத்த ஒலி தரும் இடது பக்கம் ஒரு மைக், மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க. மிக்ஸ் பண்ணுவது என் வேலை. ஆறு வருஷமாக வைத்திருக்கும் க்ளோஸ்டு பேக், அதாவது முதுகு மூடிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்து, அவளுடைய வாத்தியாருக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. "எல்லாம் நல்லா இருக்கு சார், ஆனா தொப்பியில ரவையே வைக்காம வாசிச்ச மாதிரி இருக்கே?"

ரவை விஷயம் தெரியாதவர்களுக்கு: வாசிக்கத் தொடங்குமுன் தொப்பித் தோலின் நடுவில் ரவையைக் குழைத்து அப்புவார்கள். தோல் கனத்து, சுருதி இறங்கி, கும்கி என்கிற அந்த ஆழ்ந்த நாதம் வரும். ரவை இல்லாவிட்டால் வெறும் தட்டல்தான். அவள் ரவை வைத்துத்தான் வாசித்தாள், நானே பார்த்தேன். அப்படியானால் அதைச் சுரண்டி எடுத்தவன் மிக்ஸில் உட்கார்ந்த நான்தான்.

காரில் போட்டுக் கேட்டேன். வாத்தியார் சொன்னது சரி. தொப்பி மெலிந்து கிடந்தது, அது போதாதென்று லேசாக வலது பக்கம் சாய்ந்தும் இருந்தது. காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. என் ஹெட்ஃபோனில் 150 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துத் தாழ்ந்த ஒலிகள் முழங்கித் தள்ளும், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி. அந்த முழக்கத்தை உண்மை என்று நம்பி, மிக்ஸில் அந்த இடத்தை வெட்டித் தள்ளியிருக்கிறேன். ஹெட்ஃபோன் பொய் சொன்னால் அந்தப் பொய்க்கு நேரெதிரான பொய் மிக்ஸில் ஏறிவிடும். வலது பக்கம் ஏன் சாய்ந்தது என்பதை மட்டும் அன்றைக்கு நான் கண்டுகொள்ளவில்லை. கார் ஸ்பீக்கர் கோணல் என்று விட்டுவிட்டேன். இந்த ஒரு அலட்சியத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன்.

ஹெட்ஃபோன் என்ன மாடல் என்று கேட்காதீர்கள், அது இங்கே முக்கியமில்லை. 40 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கப், சுருள் கேபிள், காதைச் சுற்றி அமரும் செயற்கைத் தோல் பேட். ஸ்டுடியோ உபயோகத்துக்கு என்று விற்கப்படும் நூறு மாடல்களில் ஒன்று. சென்னை ஈரத்தில் பேடின் தோல் உரிந்து கறுப்புச் செதிலாகக் காதோரம் ஒட்டிக்கொள்ளும் கட்டத்துக்கு வந்திருந்தது. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு சேர்ந்து சிதைவதுதான் இது. யார் செய்த பேடாக இருந்தாலும் இந்த ஊரில் மூன்று நான்கு வருஷத்துக்கு மேல் தாங்குவது அதிர்ஷ்டம்.

புதிதாக வாங்கியிருக்கலாம். ஆனால் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பழுது பார்ப்பவர்களின் உலகம் ஒன்று இருக்கிறது, அதைப் பல வருஷமாகத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உலகத்தின் குலதெய்வம் ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்கிற ஹெட்ஃபோன். சமதளக் காந்த டிரைவர், அதற்கு மலிவான விலை, கழற்றுவதற்கு எளிமையான உடம்பு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே கேட்டால் சுமார்தான், ஆனால் உள்ளே களிமண் அப்பி, பஞ்சு வைத்து, துளைகளை மூடி, பேடை மாற்றினால் வேறு ஆளாகிவிடும் என்று அதை வைத்து விளையாடாதவர்களே இல்லை. உண்மையில் அது பாதி திறந்த வகை, முதுகுத் துளைகளை அடைத்தால்தான் முழுசாக மூடியதாகும். இந்த விளையாட்டிலிருந்தே கம்பெனிகள் பிறந்தன. டான் கிளார்க் அதை மாற்றி 'மேட் டாக்' என்ற பெயரில் விற்றுத்தான் மிஸ்டர் ஸ்பீக்கர்ஸ் நிறுவனத்தை நடத்தினார், 2019-இல் அதன் பெயர் டான் கிளார்க் ஆடியோ ஆனது. இசட்எம்எஃப் என்கிற ஹெட்ஃபோன் நிறுவனத்தின் தொடக்கமும் இதே டி50ஆர்பி-தான். இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காமல் இருக்க முடியுமா?

முதல் ஞாயிறு. அளக்க ஒரு சாதனம் வேண்டும், காதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு மாற்றமும் பிரமாதமாகத்தான் கேட்கும், ஏனென்றால் அதைச் செய்தது நாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன எலெக்ட்ரெட் மைக் கேப்ஸ்யூல் வாங்கினேன், ஒரு டீ காசுதான். வீட்டில் தேய்ந்துபோன காய் நறுக்கும் பலகை ஒன்று கிடந்தது, அதன் நடுவில் ட்ரில் போட்டு கேப்ஸ்யூலைப் பலகையோடு சமமாகப் பதித்து, மேலே மெல்லிய ரப்பர் பாய் ஒட்டி, ஹெட்ஃபோன் கப்பை அதன்மேல் கவிழ்த்து, மேலே அரைக்கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை எடைக்கு வைத்தேன். யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஏறும் ஒரு விசில், எந்த ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்று திரையில் விழும் ஒரு கோடு. அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

இந்தப் பலகையில் வரும் கோடு உண்மையான கோடு அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலகைக்குக் காதுமடல் இல்லை, காதுக்குழாய் இல்லை. மனிதக் காது 3,000 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், பலகை அதைச் செய்யாது. ஆகவே ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் ஹார்மன் நிறுவனத்தில் வருஷக்கணக்காக ஆய்ந்து, ஹெட்ஃபோன் இப்படி ஒலித்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும் என்று வகுத்த இலக்குக் கோட்டை எடுத்து இதன்மேல் போட்டு 'எனக்கு இத்தனை டெசிபல் குறைகிறது' என்று சொல்வது அபத்தம். மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று ஒப்பிட மட்டுமே இது உதவும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: எதையும் மாற்றாமல், கப்பைத் தூக்கித் தூக்கி வைத்து ஐந்து முறை அளந்தேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு முறையும் 2 டெசிபல் வரை ஆடியது, 8,000-க்கு மேலே 5 வரை ஆடியது. அப்படியானால் அந்த அளவுக்குள் வரும் எந்த 'முன்னேற்றமும்' முன்னேற்றம் இல்லை, கப் உட்கார்ந்த விதம். இந்த ஐந்து அளவை மட்டும் எல்லாரும் எடுத்திருந்தால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வாக்குவாதம் நடந்திருக்காது.

இடது கப்பை மட்டும் அளந்தேன். இடது சரியானால் வலதும் அதேதானே என்று ஒரு கணக்கு. சோம்பேறித்தனத்துக்குக் கணக்கு என்று பெயர்.

பேடை உருவினால் நான்கு ஸ்க்ரூ. கழற்றியதும் கப் இரண்டாகப் பிரிந்தது, நடுவில் முடியைப் போன்ற இரண்டு வயர். இங்கே நிதானம் வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அந்த வயர் டிரைவரிலிருந்து பிய்ந்துவரும். உள்ளே எதிர்பார்த்ததைவிட வெறுமையாக இருந்தது. வழவழ பிளாஸ்டிக் சுவர், டிரைவரின் முதுகில் வட்டமாக ஒரு காகித வலை, கப்பின் ஓரத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை. சுவரை நகத்தால் சுண்டினேன், தயிர் டப்பாவைச் சுண்டினால் வரும் சத்தம். அடடா, குடத்துச் சத்தம் இங்கிருந்துதான் வருகிறது என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ஷீட்டை வெட்டிக் கப்பின் உட்சுவர் முழுக்க ஒட்டினேன், விட்ட சந்துகளில் ப்ளூ டாக் என்கிற ஒட்டும் களிம்பு. ஒரு பக்கத்துக்கு 24 கிராம். இப்போது சுண்டினால் 'டொக்' என்று மண்ணைத் தட்டிய மாதிரி இருந்தது. பரம திருப்தி. அளந்து பார்த்தேன். கோட்டில் 400 ஹெர்ட்ஸ் அருகே இருந்த ஒரு சின்னப் பல் மட்டும் மழுங்கியிருந்தது, ஒரு டெசிபல் இருக்கும். 150 ஹெர்ட்ஸில் கோடு புடைத்து நின்ற தொப்பை, அந்த முழக்கம், அப்படியே இருந்தது.

ஏன்? நகத்தால் சுண்டும்போது நாம் சுவரை நேராக அடிக்கிறோம். பாட்டு ஓடும்போது சுவரை அடிப்பது காற்று, அதற்கு அவ்வளவு பலமில்லை. சுவர் முழங்குவதும் கப்புக்குள் காற்று முழங்குவதும் வேறு வேறு. பெரிய, மெல்லிய, தட்டையான கப்புகளில் சுவரைக் கனமாக்குவது நிச்சயம் உதவும், என் கப் சின்னது, வளைந்தது, ஏற்கெனவே விறைப்பானது. இதில் எனக்குக் கிடைத்தது தலையில் கூடுதலாக 48 கிராம், ஒரு மணி நேரத்தில் கழுத்து வலி. பிறகு முக்கால்வாசியைப் பிய்த்தெடுத்தேன். பியூட்டைலைப் பிய்க்கும் வேலை இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

அடுத்து பஞ்சு. வீட்டில் பழைய தலையணை ஒன்றில் அசல் இலவம்பஞ்சு இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்து இரண்டு கப்பிலும் அடைத்து மூடினேன். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இறங்கும் என்று காத்திருந்தேன். இலவு காத்த கிளி என்று யாரைச் சொன்னார்களோ தெரியாது, அன்றைக்கு நான்தான். அளவு காட்டியது இதுதான்: 150-இல் தொப்பை குறையவில்லை, இன்னும் கொஞ்சம் மேலே நகர்ந்து 170-க்குப் போயிருந்தது. கேட்பதற்கு எல்லாம் போர்வைக்குள் இருந்தது.

பஞ்சைப் பற்றி ஒரு தவறான படம் நம் எல்லாருக்கும் மனசில் இருக்கிறது, அது தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி பாஸை உறிஞ்சும் என்று. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் ஆழமுள்ள கப்பில் வைத்த பஞ்சுக்கு அப்படி ஓர் அலை வந்து போனதே தெரியாது. மூடிய கப்பில் பாஸைத் தீர்மானிப்பது அடைபட்ட காற்று, அது டயாஃப்ரத்தின், அதாவது டிரைவரில் அதிரும் மெல்லிய சவ்வின், முதுகில் ஸ்பிரிங் மாதிரி தாங்கும். ஸ்பீக்கர் பெட்டியில் இந்தக் காற்று ஸ்பிரிங்கைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியது எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1, 1954-இல். ஹெட்ஃபோன் கப்பும் கையளவுள்ள அதே பெட்டிதான். பஞ்சைத் தளர்வாக வைத்தால், காற்று அழுந்தும்போது எழும் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும், அதனால் பெட்டி இருப்பதைவிடச் சற்றுப் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும். அடைத்துத் திணித்தால் பஞ்சே இடத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டி சின்னதாகும், ஸ்பிரிங் இறுகும், தொப்பை மேலே போகும். நான் செய்தது இரண்டாவது.

பஞ்சுக்கு உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கப்பின் உள்விட்டம் 7 சென்டிமீட்டர். அதற்குள் காற்று பக்கவாட்டில் அலைபாய்ந்து 2,500-க்கும் 3,000-க்கும் நடுவில் எங்கோ ஒரு நிலையலை, அதாவது சுவர்களுக்கிடையே முன்னும் பின்னும் மோதி ஓரிடத்திலேயே நிற்கும் அலை, உருவாகும், என் கோட்டில் 2,800 அருகே ஒரு பள்ளமும் பக்கத்திலேயே ஒரு முகடும் தெரிந்தன. பாடகர் 'ச' சொல்லும்போது மூக்கடைத்த மாதிரி வந்ததற்கு இதுதான் காரணம். அந்த அலையின் நீளம் 12 சென்டிமீட்டர்தான், பஞ்சு அதைப் பிடித்துவிடும். இலவம்பஞ்சை எடுத்துவிட்டேன், தூள் பறக்கிறது, ஒரு இழை டயாஃப்ரத்தில் பட்டாலும் கரகரக்கும். அதற்குப் பதில் ஃபைபர் தலையணையின் பாலியஸ்டர் பஞ்சு ஒன்றரை கிராம், நன்றாகப் பிரித்து, மேகம் மாதிரி. டிரைவரின் முதுகைத் தொடாமல், சுவரோரமாக. பள்ளமும் முகடும் சேர்ந்து 4 டெசிபல் தட்டையாகின. முதல் ஞாயிறு முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விஷயம் இதுதான்.

இரண்டாவது ஞாயிறு பெரும்பாலும் சோகம். சுருள் கேபிளைக் கழற்றிவிட்டு கப்பில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் பொருத்தலாம் என்று ஆசை. ஒலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா வசதிக்கு. கேபிளை மாற்றினால் பாஸ் ஆழமாகும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, என் பலகை அப்படி எதையும் காட்டவில்லை, அவ்வளவுதான். ஹெட்ஃபோன் கேபிளுக்குள் இருப்பது லிட்ஸ் வயர், ஒவ்வொரு இழையின் மேலும் எனாமல், நடுவில் நைலான் நூல். அப்படியே சோல்டர் வைத்தால் ஒட்டாது, நுனியைச் சூட்டில் எரித்து எனாமலைப் போக்க வேண்டும். அது தெரிந்துதான் செய்தேன். தெரியாதது, அந்தச் சூடு டிரைவரின் முனையில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தங்கினால் அங்கிருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும் என்பது. முனை சாய்ந்தது. உயிர் போகவில்லை, தப்பித்தேன். அதே பதற்றத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கப்புக்கு மேலே கொண்டுபோக, டிரைவரின் காந்தம் அதைச் சடக்கென்று பிடித்து இழுத்தது. பாதுகாப்பு வலையின்மேல் மோதி நின்றது. வலை மட்டும் இல்லையென்றால் டயாஃப்ரத்தைத் துளைத்துப் போயிருக்கும். அதிலிருந்து திறந்த டிரைவருக்கு மேலே எப்போதும் ஒரு அட்டையை வைத்துவிட்டுத்தான் வேலை.

சாயங்காலம் பேடுகளுக்கு வந்தேன். மூன்று ஜோடி வாங்கியிருந்தேன்: பழையதைப் போலவே மெல்லிய செயற்கைத் தோல், வெல்வெட் மாதிரி வெலூர், அப்புறம் பின்பக்கம் தடித்த சாய்வுப் பேட். இந்த மூன்றுக்கும் நடுவே கோடு மாறிய அளவுக்கு அதுவரை செய்த வேறெதிலும் மாறவில்லை, கப்புக்குள் நான் செய்த எல்லா வேலையையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. வெலூர் போட்டதும் 60 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் போய்விட்டது, துணிக்குள் காற்று கசிகிறது. சுகமாக இருந்தது, காது வியர்க்கவில்லை, ஆனால் தொப்பி கேட்க வேண்டிய எனக்கு இது சரிப்படாது. சாய்வுப் பேட் காதை டிரைவரிலிருந்து தள்ளி நிறுத்தியது, இடம் விசாலமான மாதிரி ஒரு உணர்வு, குரல் மட்டும் பின்னால் போய்விட்டது. மெல்லிய தோல் பேட்தான் நின்றது. பழைய பேடின் ஸ்பாஞ்ச் நசுங்கிக் காது கிட்டத்தட்ட டிரைவரைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது, புதுசில் ஒரு 8 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தது. 150-இன் தொப்பை முதல் முறையாக இறங்கியது, 2 டெசிபல்.

புதுப் பேடோடு பாட்டுக் கேட்கும்போதுதான் வலது காதில் பாஸ் குறைகிறதே என்று மறுபடியும் உறுத்தியது. வயசு நாற்பத்தாறு, வலது காது மந்தமாகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த தங்கை மகள், "மாமா, திருப்பி மாட்டிக்கிட்டுக் கேளுங்க" என்றாள்.

திருப்பி மாட்டினேன். குறை இடது காதுக்கு வந்துவிட்டது.

ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாள் முதல் நிமிடம் செய்திருக்க வேண்டும். காது நலமாக இருக்கிறது, கோளாறு ஹெட்ஃபோனின் வலது பக்கத்தில். அவசர அவசரமாக வலது கப்பைப் பலகையில் கவிழ்த்து அளந்தேன். 120-க்குக் கீழே கோடு சரிந்து விழுந்தது, 50 ஹெர்ட்ஸில் இடதைவிட 9 டெசிபல் கம்மி. காரில் தொப்பி வலது பக்கம் சாய்ந்ததன் ரகசியம் இதுதான். வலதில் பாஸ் கேட்காததால், மிக்ஸில் தொப்பியை வலதுக்கு நகர்த்தி நான் 'நடுவில்' வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு. இப்போது ஒழுங்காக, ஒவ்வொன்றாக. லேப்டாப்பில் இடது வலதை மாற்றினேன், குறை அதே கப்பில். பேடுகளை மாற்றிப் போட்டேன், அதே கப்பில். பஞ்சை எடுத்தேன், அதே. கேபிள் முனைகளை மாற்றினேன், அதே. மிஞ்சியது டிரைவரும் அது உட்கார்ந்திருக்கும் தட்டும். ஓட்டை பேடில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்க வேண்டும், ஏனென்றால் மேலே எல்லாம் சரியாக இருந்து கீழே மட்டும் இப்படிச் சரிவது காற்று கசிவின் கையெழுத்து. டயாஃப்ரம் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒரு சந்து வழியாகச் சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று அடித்துவிடும். வேகமாக அதிரும் அலைக்கு அந்தச் சந்து வழியே போய்வர நேரமில்லை, மெதுவாக அதிரும் அலைக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. அதனால்தான் பாஸ் மட்டும் சாகும்.

போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். டிரைவரைச் சுற்றி மெல்லிய பிறை மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. தொழிற்சாலையில் போட்ட பசை காய்ந்து விட்டுக்கொடுத்திருக்கிறது, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. எப்போது விட்டது என்று சொல்ல முடியாது. அலமாரியின் மேலிருந்து அது ஒரு முறை கீழே விழுந்தது, அன்றாக இருக்கலாம்.

ஒரு பல்குத்தியின் நுனியில் சாதாரண வெள்ளைப் பசையைத் தொட்டு அந்தப் பிறையைப் பூசி மூடினேன். சூப்பர் க்ளூவைப் பக்கத்தில்கூடக் கொண்டுவரக்கூடாது, அதன் ஆவி டயாஃப்ரத்தில் வெள்ளையாகப் படியும், பிறகு கழற்றவும் முடியாது. ரப்பர் பசையும் வேண்டாம், அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும். ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் பல் தேய்க்காமல்கூட அளந்தேன். இரண்டு கோடும் 40 ஹெர்ட்ஸ் வரை ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன, வித்தியாசம் ஒரு டெசிபல், அதாவது ஆட்டத்துக்குள். மூன்று வாரம் தேடிய மருந்து பல்குத்தி நுனியில் இருந்தது.

இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முழங்குகிறது. முன்னேற்றம்தான் என்று வையுங்கள். மிச்சமிருந்த தொப்பையை அந்த ஊசித் துளையில் தேடினேன். கப்பின் துளையை முழுதாக அடைத்தால் காற்று ஸ்பிரிங் இறுகி, 150 நன்றாக இறங்கும், கூடவே 50-உம் இறங்கும். முழுசாகத் திறந்தால் முழக்கம். நடுவழி, துளையின்மேல் மூச்சு விடுகிற ஏதாவது ஒன்றை ஒட்டுவது. மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பேப்பர் டேப் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, காற்று அதன் வழியே போகும், ஆனால் சிரமப்பட்டுப் போகும். ஒரு அடுக்கு போட்டு அளந்தேன், இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு அடுக்கில் 150 ஹெர்ட்ஸ் 3 டெசிபல் குறைந்தது, 50-இல் ஒன்றுதான் போனது. அங்கேயே நிறுத்தினேன்.

ட்ரெபிளில், அதாவது உயர்ந்த ஒலியில், 9,000 அருகே ஒரு கூர்மை, ஜால்ரா அடித்தால் பல் கூசும். இதற்கு டிரைவருக்கு முன்னால் ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் போடும் வித்தை ரொம்பப் பழசு. யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலியை எழுப்பும் ட்வீட்டருக்கு முன்னால் ஸ்டுடியோக்காரர்கள் எண்பதுகளிலேயே டிஷ்யூ தொங்கவிட்டார்கள். நான் இரட்டை டிஷ்யூவைப் பிரித்து ஒரே ஏடாக வட்டமாக வெட்டிப் பேடுக்கு உள்ளே வைத்தேன். மேலே 2 டெசிபல் இறங்கிய மாதிரி தெரிந்தது, ஆனால் அந்த இடத்தில் என் பலகையே 5 ஆடுகிறது, ஆகவே கோட்டை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன். காதுக்கு இதமாக இருந்தது. ஒரு வாரம் வைத்திருந்தேன், வியர்வையில் கஞ்சியாகிவிட்டது, எடுத்தெறிந்தேன். இப்போது அந்த இடத்தை ஈக்வலைசர் ஏபிஓ என்கிற, ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருளில் 3 டெசிபல் குறைத்து வைத்திருக்கிறேன். நியாயமான கேள்வி வரும்: இதை ஈக்வலைசரில் செய்ய முடியுமென்றால் எல்லாவற்றையும் அதிலேயே செய்திருக்கலாமே, எதற்கு ஸ்க்ரூ? தொப்பையை அதில் குறைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வலது பக்கக் கசிவை அதில் தூக்கப் பார்த்தால், டயாஃப்ரம் தள்ளத் தள்ளக் காற்று சந்து வழியே ஓடிக்கொண்டேயிருக்கும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. 9 டெசிபல் என்றால் எட்டு மடங்கு சக்தி, கடைசியில் டிரைவர் கரகரத்ததுதான் மிச்சம். அதையும் செய்து பார்த்தேன், சொல்ல வெட்கம்.

மொத்தச் செலவில் பெரும்பகுதி பேடுகள், அதிலும் இரண்டு ஜோடி அலமாரியில் தூங்குகின்றன. இப்போது கப்புக்குள் இருப்பது: ஒன்றரை கிராம் பஞ்சு, டிரைவரைச் சுற்றிப் பசை, துளையில் இரண்டு அடுக்கு டேப், பிய்க்கச் சோம்பிப்போய் விட்ட கொஞ்சம் பியூட்டைல். டேப் மட்டும் ஈரத்தில் ஓரம் தூக்குகிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். அந்த தனி ஆவர்த்தனத்தை முதலிலிருந்து மறுபடியும் மிக்ஸ் செய்து வாத்தியாருக்கு அனுப்பினேன், போட்டித் தேதி எப்போதோ போய்விட்டது என்றாலும். "இப்ப ரவை இருக்கு" என்று மட்டும் பதில் வந்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். நான் கண்ணாடி போடுகிறவன், தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சும்மா, பால்பாயிண்ட் பேனா ரீஃபில் ஒன்றைப் பலகைக்கும் பேடுக்கும் நடுவே கண்ணாடிக் கால் மாதிரி குறுக்காக வைத்து அளந்தேன். 50 ஹெர்ட்ஸில் 7 டெசிபல் காணோம். அந்த மூன்று ஞாயிறும் கண்ணாடியோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் பவர் மாறியதும் கண்ணாடிக் கடைக்குப் போய், ஃப்ரேமை முகத்தில் வைத்துப் பார்க்காமல் காதோரக் கால் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைக்காரப் பையன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.